பங்குக்கு விட்ட கோழி

ஒன்பது சேவல்கள் ஒரே வாசலில் கூவினால் அந்த வீட்டில் மனிதர்கள் குடியிருக்க முடியாது. கலைமணி குடியிருந்தாள், வேறு போக்கிடம் இல்லாததால். முதல் சேவல் கூவும்போது கிழக்கு இன்னும் வெளுத்திருக்காது. அது முடிப்பதற்குள் இரண்டாவதுக்கு ரோஷம் வந்துவிடும். மூன்றாவது, கவிழ்த்த மூங்கில் கூடையான கொடாப்புக்குள்ளிருந்தே எம்பி எம்பிக் கூவும். ஒன்பதாவதும் ஓய்ந்து, அப்பாடா என்று அவள் போர்வையை இழுத்து மூடினால், முதலாவதுக்கு மறுபடியும் தொண்டை சரியாகியிருக்கும்.

"ஏ கலை!" என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சத்தம் போடுவாள். "அதுங்க வாயை நீ மூடறியா, இல்ல நான் வந்து மசாலா அரைக்கட்டுமா?"

"அரைக்க முடிஞ்சிருந்தா நானே அரைச்சிருக்க மாட்டனா? பங்குக் கோழி புள்ள! பிரிக்காம எப்படித் தொடறது?"

"அந்த மனுசன் எப்பத்தான் பிரிப்பாரு?"

அதுதான் கலைமணிக்கும் தெரியவில்லை.

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தேவனூர் நாட்டில் கோழியைப் பங்குக்கு விடுவார்கள். கோழியும் முட்டையும் ஒருவருடையது, அடை வைத்து வளர்ப்பது இன்னொருவர் பாடு. குஞ்சுகள் வளர்ந்து கைப்பிடிக்கு வந்ததும் ஆளுக்குப் பாதி. வளர்த்தவள் ஒன்று எடுப்பாள், கொடுத்தவர் ஒன்று எடுப்பார், இப்படி மாறி மாறி. தாய்க்கோழி கொடுத்தவரோடு திரும்பிப் போய்விடும். இதில் ஒரே ஒரு கண்டிப்பு. இரண்டு பேரும் நேரில் நின்று பிரிக்கும்வரை யாரும் ஒன்றைக்கூட விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. மீறினவளை நம்பி அப்புறம் ஒருத்தரும் கோழி விட மாட்டார்கள். பங்குக்கு வளர்த்தும் பெட்டைகளை விற்றும் காலம் தள்ளுகிற கலைமணிக்கு அந்தப் பேர் கெட்டால் பிழைப்பே கெட்டது.

இந்தக் கோழியை விட்டவர் நல்லமுத்து. வாழவந்தி நாட்டுக்காரர். நாற்பத்தைந்து வயது, மனைவி தவறி ஆறு வருஷம், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை அவள் வாசலில் வந்து நின்றார். கோழியைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கழுத்தில் தொங்கிய துண்டில் பதினாலு முட்டை.

"உருண்டை முட்டையாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தேனுங்க," என்றார். "கூர் முட்டைதான் சேவலாகும். இது அத்தனையும் பெட்டைதானுங்க."

பதினாலில் பதின்மூன்று பொரித்தன. ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. மிச்சம் பன்னிரண்டில் ஒன்பது சேவல். உருண்டை முட்டையின் லட்சணம் அப்படி இருந்தது.

சித்திரையிலேயே பிரித்திருக்க வேண்டும். புதன்கிழமை தவறாமல் அவரும் வந்துகொண்டுதான் இருந்தார். வந்து என்ன புண்ணியம்? முதலில் சொன்னார்: "இன்னும் கைப்பிடிக்கு வரலீங்க, பாவம்." அடுத்த தடவை: "எது சேவல் எது பெட்டைன்னு தெரியாமப் பிரிச்சா ஞாயமில்லீங்க." கொண்டை சிவந்து, வால் வளைந்து, கண் தெரியாதவருக்குக்கூட எது சேவல் என்று தெரிந்த பிறகு, அமாவாசை வந்தது. அப்புறம் கிருத்திகை வந்தது. அதற்கும் அப்புறம் ஒரு நாள், தாயையும் பிள்ளைகளையும் பிரிக்க மனசு வரவில்லை என்று பெருமூச்சு விட்டார்.

"தாய் மறுபடி முட்டையிட்டு நாளாச்சுங்க," என்றாள் கலைமணி. "புள்ளைங்க கிட்ட வந்தா மண்டையிலயே கொத்துது. அதுக்கு இல்லாத மனசு உங்களுக்கு எதுக்குங்க?"

நல்லமுத்து சிரித்துக்கொண்டே மஞ்சள் பையைத் திறப்பார். ஒரு நாள் நொய்ச் சாமை, ஒரு நாள் மலைவாழைச் சீப்பு. ஆனியில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். எதைக் கொண்டு வந்தாலும் ஒரே வார்த்தைதான்: "கோழிக்குங்க."

"கோழி பலாச்சுளை திங்கும்ங்கறது இந்த வயசுலதான் எனக்குத் தெரியுது," என்று பாப்பாத்தி ஆறு சுளையைத் தின்றுகொண்டே சொன்னாள். கலைமணி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாப்பாத்தி நினைத்ததை நினைக்கக் கலைமணிக்கு இஷ்டமில்லை. அவள் புருஷன் சென்றாயன் மிளகு எஸ்டேட் வேலைக்குக் கேரளா போனவன். பொங்கலுக்கு வருகிறேன் என்பான், மாசியில் வருவான். மாசி என்றால் வைகாசி. ஒவ்வொரு தடவையும் சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டு அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அப்படி நின்றபோது ஆம்புலன்ஸ் வந்தது.

இந்த மலையில் துணையை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வது புதிதும் இல்லை, குற்றமும் இல்லை. கேட்டு இரண்டு பேர் ஆள் அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "காட்டு வேலை செய்வேன், சோறாக்குவேன். ஆனா ஒருத்தன் வருவானா வருவானான்னு வழியைப் பாத்துக்கிட்டுக் கெடக்க இனி என்னால ஆகாது." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கோழிகள் அவளைக் காக்க வைப்பதில்லை. பொழுது சாய்ந்தால் தானாக வந்து கூட்டில் அடையும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறந்ததும் சேவல்களுக்கு வெறி பிடித்தது. பாப்பாத்தி காயப்போட்ட கேழ்வரகைக் கிளறி வாசல் முழுக்க இறைத்தன. ஊரிலுள்ள பெட்டைகளில் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. ஒன்றையொன்று கொத்திக்கொண்டு கொண்டையெல்லாம் ரத்தம். நாலு கொடாப்பு இரவல் வாங்கிக் கவிழ்த்து, சண்டைக்காரர்களைத் தனித்தனியாக அடைத்து வைத்தாள். கடைசியில் கறுப்பன் என்கிற கறுப்புச் சேவல், சிவலை என்கிற சிவப்புச் சேவலின் கண்ணை ஒரே கொத்தாகக் கொத்தி எடுத்துவிட்டான். கலைமணி சிவலையை மடியில் போட்டு மஞ்சள் வைத்தாள். அது வலி தாங்காமல் அவள் கையையே கொத்தியது.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி விமல்ராஜ் அன்றைக்குத்தான் வந்தான். ஒன்பதையும் பார்த்ததும் அவன் கண் விரிந்தது.

"அக்கா, பதினெட்டாம் பெருக்குக்கு ஊர் ஊரா சேவலுக்குத்தான் அலையறாங்க. இப்பக் குடுத்தீங்கன்னா நல்ல வெலை. ஆடி போச்சுன்னா இதுங்களை ஓசிக்குக் குடுத்தாலும் நான் தூக்க மாட்டேன். ரப்பராட்டம் ஆயிரும்."

"அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை வா. அதுக்குள்ள பிரிச்சு வெச்சிருப்பேன்."

அந்த வாரப் புதன் நல்லமுத்து வந்தபோது அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சிவலையின் கண்ணைக் காட்டினாள். "அடுத்த புதன் பிரிக்கறோமுங்க. நாளு கிழமை எதுவும் சொல்லாதீங்க. தீனிச் செலவு என்ற தலையில, சண்டை என்ற வாசல்ல. இந்தக் கணக்கை முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி."

நல்லமுத்து முகம் வாடிப்போயிற்று. "முடிச்சரலாமுங்க," என்றார் மெதுவாக. மஞ்சள் பையைத் திறக்க மறந்து, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த புதன் அவள் காலையிலேயே கூட்டைக் கழுவினாள், இரண்டு கூடைகளுக்குப் பழைய வலை தைத்தாள், குளித்தாள். போன பொங்கலுக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சேலையைக் கட்டினாள். கணக்கு முடிக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்கு முடிக்க யாராவது புதுச் சேலை கட்டுவார்களா?

பத்து மணிப் பஸ் வந்தது. அவர் இறங்கவில்லை. ஒரு மணிப் பஸ்ஸிலும் இல்லை. போன் போட்டாள், சுவிட்ச் ஆஃப் என்றது. சமைத்த சோறு ஆறியது. மூன்றரைக்கு ஒரு வண்டிச் சத்தம் கேட்டுக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். கிழங்கு லாரி. அப்போதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாசல் தாண்டி, வேலி தாண்டி, சென்றாயனுக்காக நின்ற அதே ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்து மூலையில் வீசினாள். கொஞ்ச நேரம் அழுதாள். யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை காலை பாப்பாத்தியும் அவளுமாகப் பிடித்து, இரண்டு கூடையில் பதின்மூன்று உருப்படியையும் அடைத்து வலையைக் கட்டினார்கள்.

"அவரு ஊட்டு வாசல்லயே வெச்சுப் பிரிச்சுட்டு வாரேன்," என்றாள் கலைமணி. "இவரா நானான்னு பாத்துரலாம்."

"போயிட்டு வா," என்றாள் பாப்பாத்தி. கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கறுப்பன் ஒரு கூவு கூவினான். உள்ளே இருந்த எட்டும் பதில் கொடுத்தன. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தன் நிறுத்தம் வந்துவிட்டது என்று எழுந்து இறங்கப் பார்த்தார். செம்மேட்டில் பஸ் மாறி, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு நிறுத்தத்தில் இறங்கினாள். வீடு கொஞ்ச தூரம் சரிவில் நடக்க வேண்டும் என்றார்கள். ஒரு கூடையைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு இறங்கினாள். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

ஓட்டு வீடு. சுத்தமான வாசல். அளவுக்கு மீறிச் சுத்தமான வாசல். கோழி வளர்க்கிற வீட்டு வாசல் இப்படி இருக்காதே என்று அவள் கண்ணுக்குப் பட்டது. ஒரு இறகு இல்லை, எச்சம் இல்லை. சுற்றி வந்து பார்த்தாள். கூடு இல்லை, கொடாப்பு இல்லை, தண்ணீர் வைக்கிற ஓட்டாஞ்சில்லுகூட இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அவருடைய அக்கா என்பது சாடையிலேயே தெரிந்தது. பேர் கண்ணாயி.

"யாரு கண்ணு? கோழி விக்க வந்தியா?"

"இல்லீங்க. இவரு பங்குக்கு விட்ட கோழிங்க. பிரிக்க வந்தேன்."

"எவரு, என்ற தம்பியா?" கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவனுக்கேது சாமி கோழி? கோழி கிட்ட வந்தாலே காலைத் தூக்கிக்குவான். சின்னதுல அடைக்கோழி கிட்டக் கொத்து வாங்கினவன்." சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கலைமணியை மேலும் கீழும் பார்த்தாள். குரல் இறங்கியது. "தேவனூர்க் கலைமணியா நீயி?"

"ஆமாங்க."

"அவன் வாயில உன்ற பேரு வராத புதன்கெழமை இல்ல. அதான் சேதி! நேத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உள்ளயும் வெளியிலயும் பத்து நடை நடந்தான். ரெண்டு பஸ்ஸையும் விட்டுட்டான். போனையும் அமுக்கி வெச்சுட்டான். என்னடான்னு கேட்டா, போனா முடிஞ்சு போயிரும்க்கா, அதான் போகலைங்கறான். அப்ப எனக்கு ஒரு எழவும் புரியலை."

கலைமணிக்குப் புரிந்தது. ஆறு மாதம் கண் முன்னால் கிடந்தது ஒரே நொடியில் புரிந்தது. ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மண்வெட்டியோடு தோட்டத்திலிருந்து ஏறி வந்த நல்லமுத்து அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க," என்றாள் அவள். "கொடாப்பு எங்கீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்லீங்க."

"அப்ப இந்தக் கோழி?"

"சந்தையில வாங்கினதுங்க. முட்டை அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினேன்."

"எதுக்குங்க?"

"நீங்க பங்குக்கு வளக்கறீங்கன்னு சொன்னாங்க." மண்வெட்டிக் காம்பைக் கை மாற்றிப் பிடித்தார். "கோழி இல்லாம என்னத்தைச் சொல்லிக்கிட்டுங்க உங்க ஊட்டுக்கு வாரது?"

கலைமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கப் போய்க் கோபம்தான் வெளியே வந்தது.

"வாய் இருக்குதல்லங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?"

"கேட்டவங்களுக்கு நீங்க சொன்ன பதில் எனக்கும் தெரியுமுங்க. நானும் கேட்டு, நீங்க வேண்டாம்னு சொல்லீட்டா, அப்புறம் புதன்கெழமையும் இல்லாமப் போயிரும். அதான் பிரிக்காமயே ஓட்டிக்கிட்டிருந்தேன். தப்புத்தானுங்க. தீனிச் செலவை நான் குடுத்தர்றேன்."

"தீனியை யாருங்க கேட்டா?" அவள் குரல் உடைந்தது. "நேத்துக் காலையிலிருந்து மூணரை மணி வரைக்கும் நான் ரோட்டுல நின்னேனுங்க. இனி ஒருத்தனுக்கும் வழி பாக்க மாட்டேன்னு சொன்னவ நானு. உங்களுக்காக நின்னேன். அது தெரியுங்களா உங்களுக்கு?"

நல்லமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உங்களுக்காக நின்னேன் என்று அவள் சொன்னது அவருக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியதும் கண் நிறைந்துவிட்டது.

"காக்க வெச்சுட்டேனே," என்றார்.

"வெச்சுட்டீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் குனிந்து இரண்டு கூடையின் வலையையும் அவிழ்த்துவிட்டாள். "இந்தாங்க உங்க கோழி. நாலு மணிப் பஸ்ஸுக்கு நான் போறேன். இன்னொரு புதன்கெழமைக்கு நான் நிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

பாதி நாள் அடைந்து கிடந்த ஒன்பது சேவல்களும் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தன. கறுப்பன் ஓட்டின் மேல் ஏறினான். இரண்டு வீட்டுக்குள் நுழைந்தன. மிச்சமெல்லாம் கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்தன. நல்லமுத்து நடுவாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீ வா கண்ணு," என்று கண்ணாயி அவள் கையைப் பிடித்தாள். "வந்தவ வெறும் வயித்தோட போகக் கூடாது. அவன் பிடிச்சா பிடிக்கட்டும், நரி தின்னா திங்கட்டும்."

கண்ணாயி வீட்டில் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டாள். வெளியே தடதடவென்று ஓடுகிற சத்தமும், தகரம் உருள்கிற சத்தமும், நடுநடுவே ஒரு ஐயோவும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கண்ணாயி தட்டில் இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

மூன்று மணிக்கு விடைபெற்று வெளியே வந்தபோது வாசலில் யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது. கூடைகளும் இல்லை. மறுபடியும் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டார் மனிதர் என்று நினைத்தாள். சரி, போகட்டும், நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கால்தான் ஏற மாட்டேன் என்றது.

கடைசி வளைவில் நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. அதன் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. முழங்கை வரைக்கும் கீறல். காலடியில் இரண்டு கூடை, கோணல்மாணலாக முடிச்சுப் போட்ட வலை. அவர் பஸ் வருகிற பக்கம் பார்க்கவில்லை. அவள் ஏறி வருகிற வழியையே, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைமணி வளைவிலேயே நின்றுவிட்டாள். அவளுக்காக ஒரு ஆள் வழி பார்த்து நிற்பதை அவள் பிறந்து இதுவரை பார்த்ததில்லை. அது இப்படித்தான் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கிட்ட வந்ததும் கேட்டாள்: "எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தானுங்க வந்தேன்," என்று பொய் சொன்னார். "பதிமூணும் இருக்குதுங்க. எண்ணிக்குங்க."

"எல்லாத்தையும் நீங்களா பிடிச்சீங்க?"

"அந்தக் கறுப்பன்தாங்க ரொம்பப் படுத்திட்டான்."

கலைமணி சிரித்துவிட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்கூருத் தலைவரு, கவுண்டரு, இன்னைக்கு ஊட்டுல இருப்பாருங்களா? போய்க் கேட்டரலாம்னு..."

"அவருகிட்ட அப்புறம் கேக்கலாம். கேக்க வேண்டியவ இங்க நிக்கறேன்."

நல்லமுத்து கேட்டார். என்ன கேட்டார் என்பது கூடையில் இருந்த கோழிகளுக்குத்தான் தெரியும், அவ்வளவு மெல்லிய குரல். அவள் தலையை ஆட்டினாள்.

"நாளைக்கு விமல்ராஜு வருவான்," என்றாள் கொஞ்சம் கழித்து. "சேவல் எட்டையும் குடுத்தரலாம். ஒத்தைக் கண்ணுச் சிவலை மட்டும் இருக்கட்டும். பெட்டையும் தாயும் நம்ம கூட்டுல கெடக்கட்டும்."

"அப்பப் பங்கு?"

"பங்கு எதுக்குங்க இனி?"

அன்றைக்கு நாலு மணிப் பஸ் நாலே முக்காலுக்குத்தான் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்ததே கலைமணிக்குத் தெரியவில்லை.